பிரேசில் ஜாஸில் புது ஆல்பம் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: கெட்ஸ்–ஜில்பெர்ட்டோ ஆல்பமும் அஸிமூத் குழுவின் சில பாடல்களும் பிடித்துப்போயின. மாதந்தோறும் "பிரேசில் ஜாஸ்–ஃபங்க், புது வெளியீடு" என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. எதைக் கேட்பது, எதற்குக் காசு கொடுப்பது, எல்பி (வினைல் தட்டு) வாங்குவதா டவுன்லோடு போதுமா?

வெளியான தேதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்த ஆண்டு பதிவு செய்தார்கள், டிரம்ஸும் பேஸும் யார் வாசித்தது, இந்த இரண்டையும் முதலில் தேடுங்கள். மற்ற இசையில் பாடகர் பெயரோ தயாரிப்பாளர் பெயரோ போதுமாக இருக்கலாம். பிரேசில் குரூவில், அதாவது உடம்பை ஆட்டவைக்கும் அந்தத் தாள ஓட்டத்தில், ஆல்பத்தின் தலையெழுத்து தாளக்காரர்கள் கையில் இருக்கிறது.

பதிவு ஆண்டு ஏன் முக்கியம் என்றால், "புது வெளியீடு" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று, இப்போது ஸ்டூடியோவில் வாசித்துப் பதிவானது. இரண்டாவது, பல பத்தாண்டுகளுக்கு முன் பதிவாகி, வெளிவராமலே கிடந்து இப்போது முதன்முறை வருவது. மூன்றாவது, பழைய எல்பியின் மறுபதிப்பு.

இரண்டாவது வகையைத் தவறவிடக் கூடாது. பாடகி ஜாய்ஸ் மொரேனோவின் 'நத்துரேஸா' 2022-இல் வெளிவந்தது. பதிவானதோ 1977-இல், நியூயார்க்கில். போஸா நோவா இசையமைப்பாளர் ஜோபிமுக்கு இசைக்கோவை எழுதிய கிளாவுஸ் ஓகர்மன்தான் இதற்கும் தயாரிப்பாளர். மைக்கேல் பிரெக்கர், ஜோ ஃபாரல் போன்ற அமெரிக்க ஜாஸ் வாசிப்பாளர்களும், நானா வாஸ்கொன்செலோஸ், டுட்டி மொரேனோ போன்ற பிரேசில் தாளக்காரர்களும் ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள். மிக்ஸிங் முழுமையாக முடியாமலே நின்றுபோன வேலை என்பதால் சில இடங்களில் ஒலி கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் உள்ள 'ஃபெமினீனா' பதினொரு நிமிடம் ஓடுகிறது. அவர் பிற்பாடு வெளியிட்ட சுருக்கமான வடிவத்தைக் கேட்டவர்களுக்கு இது வேறொரு உலகம். இதே போல பல கருவிகள் வாசித்த எர்மேட்டோ பாஸ்கோவாலின் 'வியாஜாண்டோ கொம் ஓ சோம்' 1976-இல் சாவோ பாவ்லோவில் பதிவாகி 2017-இல் வந்தது. அவருடைய குழு 1981-இல் ரியோவின் காவியா கோளரங்கத்தில் வாசித்த கச்சேரி 2022-இல் வந்தது. இந்த மூன்றையும் வெளியிட்டது லண்டனின் ஃபார் அவுட் ரெக்கார்டிங்ஸ். 1994-இல் ஜோ டேவிஸ் தொடங்கிய இந்த நிறுவனம் புது ஆல்பங்களையும் பழைய பெட்டகத்தையும் சேர்த்தே கையாள்வதால், அதன் பட்டியலைப் பார்க்கும்போது ஒவ்வொரு தலைப்புக்கும் பதிவு ஆண்டைத் தனியாகத் தேடத்தான் வேண்டும்.

மறுபதிப்புகளில் மிகப் பெரிய கதை இசைக்கோவையாளர் ஆர்தூர் வெரோகாயுடையது. 1972-இல் கான்டினென்டல் நிறுவனத்துக்காக அவர் செய்த முதல் ஆல்பம் விற்கவே இல்லை. மனுஷன் விளம்பரப் பாட்டுப் போடப் போய்விட்டார். 2003-இல் அமெரிக்காவின் யுபிக்விட்டி மறுபதிப்புப் போட்டது. ஹிப்ஹாப்காரர்கள் அதிலிருந்து துண்டு துண்டாகச் சாம்பிள் எடுத்தார்கள். பிறகு பிரிட்டனின் மிஸ்டர் போங்கோவும் அதை அச்சிட்டது. 1972 மூலப் பிரதிக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். சேகரிப்பாளராக இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நல்ல மறுபதிப்பு இருக்கும்போது மூலப் பிரதியால் காதுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. வெரோகாயின் தந்திக் கருவிக் கோவைகள் அதன் பிறகு எங்கே போயின என்று பார்க்க வேண்டுமானால், 2021-இல் வந்த பேட்பேட்நாட்குட் குழுவின் 'டாக் மெமரி', ஹயேட்டஸ் கையோட்டியின் 'மூட் வேலியன்ட்', 2023-இல் ரோஜே வெளியிட்ட 'கூரிமன்' மூன்றிலும் அவர் கை இருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கில் பதிவு ஆண்டைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டத்துக்குள் 'பி' எழுத்துப் போட்டு ஓர் ஆண்டு கொடுத்திருப்பார்கள். அது அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு. பெட்டகத்திலிருந்து வரும் ஆல்பத்துக்கு அது இந்த வருடமாகவே இருக்கும், வாசித்தது ஐம்பது வருடத்துக்கு முன் என்றாலும். மறுபதிப்பிலோ, ரீமாஸ்டர் செய்த ஆண்டையே போட்டுவிடுகிறார்கள். நிறுவனத்தின் தளத்தில் உள்ள ஆல்பக் குறிப்பு, எல்பியின் பின்னட்டை, டிஸ்காக்ஸ் போன்ற பட்டியல் தளம், இவற்றில் "பதிவு" என்று தனியாகக் கொடுத்திருக்கும் தேதியே நம்பத் தகுந்தது. அதுவும் இல்லை, வாசித்தவர் பெயரும் இல்லை என்றால் பெரும்பாலும் அது உரிமம் வாங்கித் தொகுத்த பின்னணி இசை. "போஸா நோவா கஃபே" போன்ற தலைப்புகளில் குவிந்து கிடப்பவை இந்த ரகம். தாண்டிப் போகலாம்.

இப்போது நிஜமான புதுப் பதிவுகளுக்கு வருவோம்.

அஸிமூத்தின் 'மார்கா பாஸோ' 2025-இல் வந்தது. ஜோஸே ரொபெர்ட்டோ பெர்த்ராமி, அலெக்ஸ் மல்யேய்ரோஸ், இவான் 'மமாவ்' கொன்ட்டி மூவரும் சேர்ந்து 1975-இல் முதல் ஆல்பம் போட்டார்கள். பெர்த்ராமி 2012-இல் மறைந்தார், மமாவ் 2023-இல். மிஞ்சியவர் பேஸ் வாசிக்கும் மல்யேய்ரோஸ் மட்டுமே. கீபோர்டில் கிகோ கொன்டினென்டினோ, டிரம்ஸில் ரெனாட்டோ 'மாஸா' கல்மன். பழைய ரசிகர்களுக்கு வரும் சந்தேகம், மமாவ் இல்லாமல் அஸிமூத்தா என்பதே. மமாவின் கையில் ஹை-ஹாட் (கால்மிதியால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) ஒருபோதும் நேர்கோட்டில் போகாது. பிடித்து இழுத்து ஒரு தள்ளாட்டம் கொடுப்பார். மாஸா அதைவிடச் சுத்தமாக, இறுக்கமாக வாசிப்பவர். ஆகவே 1979-இன் 'லைட் ஆஸ் எ ஃபெதர்' தந்த மயக்கத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மல்யேய்ரோஸின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அந்த வழுக்கல் அப்படியே இருக்கிறது.

2024 செப்டம்பரில் வந்த, பாடகரும் இசையமைப்பாளருமான மார்கோஸ் வாலேயின் 'டுனெல் அகூஸ்டிகோ' ஆல்பத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பேஸ் மல்யேய்ரோஸ், டிரம்ஸ் மாஸா, தயாரிப்பு டேனியல் மோனிக். 'மார்கா பாஸோ'வுக்கும் தயாரிப்பாளர் அவரே. ஒரே அடித்தளத்தின் மேல் இரண்டு வேறு வீடுகள். இது தற்செயலும் இல்லை: 1973-இல் வாலேயின் 'ப்ரெவிஸாவ் டோ டெம்போ' ஆல்பத்திலும் அவருக்குப் பின்னால் வாசித்தது அஸிமூத்தாகப் போகிற இதே கூட்டம்தான். வாலே 1943-இல் பிறந்தவர். எண்பது தாண்டியும் குரலில் அந்தச் சோம்பேறித்தனமான இனிமை போகவில்லை. 'ஃபீல்ஸ் ஸோ குட்' என்ற பாடல் அமெரிக்க சோல் பாடகர் லியான் வேருடன் சேர்ந்து 1979-இல் செய்துவைத்த மாதிரிப் பதிவிலிருந்து வளர்ந்தது. ஒரு புது ஆல்பத்துக்குள்ளேயே பழைய பதிவு இப்படி நுழைந்து உட்கார்ந்திருக்கும். வாலேயிடம் எதில் தொடங்குவது என்று கேட்டால் 'டுனெல் அகூஸ்டிகோ'வில் தொடங்கி, பிறகு 1971-இன் 'கார்ரா', அதன்பின் 1973-இன் ஆல்பம் என்று பின்னோக்கிப் போகச் சொல்வேன்.

இந்த இருவருமே லாஸ் ஏஞ்சலஸின் 'ஜாஸ் இஸ் டெட்' வரிசையில் 2020-இல் ஆளுக்கோர் ஆல்பம் செய்திருக்கிறார்கள்: வாலே மூன்றாம் எண், அஸிமூத் நான்காம் எண். பியானோ கலைஞர் ஜுவாவ் டொனாட்டோ 2021-இல் ஏழாம் எண். வரிசையின் தயாரிப்பாளர்கள் ஏட்ரியன் யங்கும் அலி ஷஹீத் முகமதும் நாடாவில் பதிவு செய்யும் முறை அந்த வரிசை முழுவதற்கும் ஒரே தூசி படிந்த டிரம் ஒலியைக் கொடுத்துவிடுகிறது. ஹிப்ஹாப் காதுக்கு அது சுகம். ஆனால் யாருடைய ஆல்பம் என்று முகப்பைப் பார்க்காமல் சொல்ல முடியாத அளவுக்கு அந்த முத்திரை ஆழமாக விழுகிறது. டொனாட்டோ 2023 ஜூலையில் மறைந்தார் என்பதால் ஏழாம் எண்ணுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. மற்ற இரண்டும் முதலில் கேட்க வேண்டியவை என்று சொல்ல மாட்டேன்.

ஜாஸ் பக்கம் சாய்ந்தவர் என்றால் அமாரோ ஃப்ரெய்டாஸைத் தவறவிடாதீர்கள். வடகிழக்குப் பிரேசிலின் ரெசிஃபி நகரப் பியானோ கலைஞர். 2024 மார்ச்சில் வந்த 'இ-இ' பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். அமேசானில் மனாவ்ஸ் பகுதிக்குப் போனதும் சடேரே-மவே மக்களைச் சந்தித்ததும் அதன் ஊற்று. பியானோவின் தந்திகளுக்கு நடுவே பொருட்களைச் செருகித் தட்டொலிக் கருவி போல மாற்றி வாசிக்கிறார். பிற்பகுதியில் ஷபாகாவின் புல்லாங்குழல், பிராண்டி யங்கரின் ஹார்ப், ஜெஃப் பார்க்கரின் கிட்டார் வந்து சேர்கின்றன. அருமையான ஆல்பம். ஆனால் குரூவுக்காக வருகிறவர்கள் முதல் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள், தாளம் அங்கே காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. உங்களுக்கு 2018-இன் 'ரஸிஃப்' அல்லது 2021-இன் 'சங்கோஃபா' சரியான வாசல். பேஸில் ஜீன் எல்ட்டன், டிரம்ஸில் ஊகோ மெடேய்ரோஸ். மூவருமாகச் சேர்ந்து பையாவ், மரகாட்டு, ஃப்ரேவோ தாளங்களை உடைத்துத் திரும்ப அடுக்குகிறார்கள். பியானோவின் இடது கையே ஒரு தாளக் கருவி என்பது அங்கே புரியும்.

பாடகர் மில்ட்டன் நாசிமெண்டோவும் அமெரிக்க பேஸ் கலைஞர், பாடகி எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங்கும் சேர்ந்த ஆல்பம் 2024 ஆகஸ்டில் வந்தது. மில்ட்டன் 2022 நவம்பரில் பெலோ ஒரிஸோன்ட்டேயில் கடைசிக் கச்சேரி செய்து மேடையிலிருந்து விடைபெற்றவர். குரல் உடைந்திருக்கிறது, ஸ்பால்டிங் அதை மறைக்க முயலாமல் அதைச் சுற்றியே பாடுகிறார். 1972-இன் 'கிளூபி டா எஸ்கீனா'வையும் சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டர் மில்ட்டனோடு செய்த 1975-இன் 'நேட்டிவ் டான்ஸர்' ஆல்பத்தையும் கேட்ட பிறகு இதற்கு வாருங்கள். நேரடியாக வந்தால் ஒரு முதியவரின் விருந்தினர் வரிசை போலத்தான் தெரியும்.

எர்மேட்டோ 2025 செப்டம்பரில், 89 வயதில் மறைந்தார். அதற்கு முந்தைய வருடம் வந்த 'ப்ரா வொஸே, இல்ஸா' தன் காலஞ்சென்ற மனைவிக்கு அவர் அர்ப்பணித்த ஆல்பம். ரியோவின் ரொசினான்ட்டே வெளியிட்டது. பல வருடங்கள் கூடவே ஒத்திகை பார்த்த குழு என்பதால் தாள எண்ணிக்கை எங்கே மாறுகிறது என்றே தெரியாமல் மாறும். ஒரு தடவை கேட்டுவிட்டுக் குழப்பமாக இருக்கிறது என்று ஒதுக்க வேண்டாம்.

சரி, தாளக்காரர் பெயரைப் பார் என்றால், அந்தப் பெயர் தெரியாதபோது என்ன செய்வது? காதால் சோதிக்கலாம். சாம்பா என்ற பிரேசில் தாளத்தின் ஒரு சுற்றில் இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டையும் நாலாகப் பிரித்தால் "தகதிமி தகதிமி" என்று வாயால் ஓட்டலாம். சுர்டோ என்ற பெரிய முரசின் கனத்த அடி இரண்டாவது 'த'வில் விழ வேண்டும். முதல் 'த'வில் அமுக்கிய அடியோ சன்னமான அடியோ இருக்கும். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இந்தச் சாய்வைப் பின்பற்றினால் உடம்பு தானாகப் பின்பக்கம் சாயும். சாம்பா பழக்கமில்லாத டிரம்மர்கள் முதல் தட்டைக் கனமாக அடித்துவிடுவார்கள், அல்லது ஃபங்க் பழக்கத்தில் ஸ்னேர் டிரம்மை அறைவார்கள். அப்போது கிட்டார் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாட்டு நொண்டும்.

இன்னொரு நுணுக்கம் தகதிமியின் உள்ளேயே இருக்கிறது. பாண்டேய்ரோவும் (கஞ்சிரா போன்றது) கன்ஸாவும் (குலுக்கும் கருவி) வாசிக்கிறவர்கள் நாலு எழுத்தையும் சம இடைவெளியில் போடுவதில்லை. மூன்றாவதும் நான்காவதும் இம்மி அளவு முந்தி வரும். கணினியில் எல்லா அடியையும் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கிவிட்டால் இந்த முந்தல் செத்துப்போகும். "பிரேசில் ஹவுஸ்" என்ற பெயரில் வரும் பல பாடல்கள் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த வேறுபாட்டைக் கேட்க இரண்டு பழைய ஆல்பங்கள் போதும். சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் கிட்டார் கலைஞர் சார்லி பேர்டும் 1962 பிப்ரவரியில் வாஷிங்டன் நகரத் தேவாலயக் கூடம் ஒன்றில் பதிவு செய்த 'ஜாஸ் சாம்பா'வில் தாளக்காரர்கள் அமெரிக்கர்கள். 1963 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவான 'கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ'வில் டிரம்ஸ் மில்ட்டன் பனானா. முன்னதில் பரபரப்பு, பின்னதில் காற்று. கெட்ஸ் இரண்டிலும் அதே கெட்ஸ்தான். இந்தச் சோதனையை முடித்தவர்கள் 1964-இன் எடிசன் மஷாடோ ஆல்பம் 'எ சாம்பா நோவோ'வுக்குப் போகலாம். சாம்பாவை ஸ்னேரிலிருந்து சிம்பலுக்கு ஏற்றியவர் என்று அவரைச் சொல்வார்கள். இன்றைய சாம்பா–ஜாஸ் டிரம்மர்கள் எல்லாரும் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது எல்பியா டவுன்லோடா என்ற கேள்வி. இந்த இசையில் ஷேக்கர், பாண்டேய்ரோவின் சலங்கைத் தகடு, தேய்த்த சிம்பல் என உயர் அதிர்வெண் ஒலி இடைவிடாமல் இருக்கிறது. குறைந்த அளவு எம்பி3 சுருக்கத்தில் முதலில் நாசமாவது அதுதான்: அடியின் கூர்முனைக்கு முன்னாலேயே ஒரு மங்கல் பரவி, 'சிக்-சிக்' என்பது 'ஷ்ஷ்ஷ்' ஆகிவிடும். மேலே சொன்ன அந்த இம்மி முந்தலும் அதோடு கரைந்துவிடும். 128 கேபிபிஎஸ்ஸில் கேட்டுவிட்டு ஆல்பத்தைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். 320 கேபிபிஎஸ் அல்லது ஃப்ளாக் (தரம் இழக்காமல் சுருக்கிய) கோப்பு, வயர் உள்ள ஹெட்ஃபோன், இவ்வளவு போதும். மலிவான புளூடூத் ஸ்பீக்கரில் சுர்டோவின் அடியே கேட்காது. அப்புறம் இரண்டாவது 'த'வை எங்கே தேடுவது?

எல்பியில் வேறு விதமான தொல்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செமீ பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது சுமார் 21 செமீதான். அதே ஷேக்கர் ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடக்க வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் சலங்கைகள் கரகரக்கும். ஒரு பக்கம் 18 முதல் 22 நிமிடத்துக்குள் இருந்தால் பிரச்சினை குறைவு. 25-ஐத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டியிருக்கும், அதற்காக ஒலி அளவையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்டுவார்கள். வாங்குவதற்கு முன் பாடல் நேரங்களைக் கூட்டிப் பாருங்கள். ஐம்பது நிமிடத்தைத் தாண்டிய ஆல்பத்தை ஒரே தட்டில் அடைத்திருந்தால் டவுன்லோடு வாங்குவதே மேல். இரட்டைத் தட்டாக வந்தால் யோசிக்கலாம். "180 கிராம்" என்று முகப்பில் ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கனமான தட்டு எளிதில் வளையாது என்பதைத் தவிர ஒலிக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. எந்த மூலத்திலிருந்து மாஸ்டர் செய்தார்கள், மூல நாடாவா, யாரோ வைத்திருந்த எல்பியா, சிடியா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மறுபதிப்பில் அது ஒரு வரிகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். கடைசிப் பாட்டில் கரகரப்பு எல்லாத் தட்டிலும் வந்தால் குற்றம் உங்கள் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) பொருத்தத்தில் இருக்கிறது. கூம்பு முனை ஊசியிலிருந்து நீள்வட்ட ஊசிக்கு மாறி, கோணத்தைச் சரிபார்த்தாலே பாதி சரியாகும்.

வாங்கும் இடம் என்றால், கலைஞர்களும் நிறுவனங்களும் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் வசதியானது. ஃபார் அவுட், மிஸ்டர் போங்கோ இரண்டையும் அங்கே பின்தொடர்ந்தால் அறிவிப்பு மின்னஞ்சலில் வந்துவிடும். அங்கே எல்பி வாங்கினால் பெரும்பாலும் டவுன்லோடும் கூடவே கிடைக்கும். 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அறிவிக்கும் நாட்களில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. மற்ற நாட்களில் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். லண்டனிலிருந்து ஒரே ஒரு தட்டை வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து தட்டின் விலையை எட்டிவிடலாம். நாலைந்து தலைப்பைச் சேர்த்து, அல்லது நண்பர்களோடு பகிர்ந்து ஆர்டர் போடுங்கள். முன்பதிவில் இன்னொரு தலைவலி உண்டு: வெளிவராத தலைப்பு ஒன்று ஆர்டரில் இருந்தால், தயாராக இருக்கும் தட்டுகளையும் அது வரும்வரை நிறுத்திவைத்துவிடுவார்கள். முன்பதிவைத் தனி ஆர்டராகப் போடுங்கள்.

உங்கள் ரசனைக்கு என் வரிசை: 'டுனெல் அகூஸ்டிகோ', அடுத்து 'ரஸிஃப்', பிறகு 'நத்துரேஸா'. மூன்றையும் ஃப்ளாக்கில் வாங்குங்கள். எல்பிக்குக் காசு ஒதுக்கியிருந்தால் அதை வெரோகாயின் 1972 ஆல்பத்துக்கு வையுங்கள். மொத்தமே அரை மணி நேரம்தான், ஒரு தட்டில் தாராளமாக உட்காரும்.